ராத்திரி ஸாம், பகலில் சம்பந்தம்!

"பாண்டிச்சேரியில் உட்கார்ந்து வேலை பார்க்கிறேன்" என்று சொல்லிப் பாருங்கள். ஃபோனில் எதிர்முனை ஆசாமி ஒரு சிரிப்பு சிரிப்பான். "கொடுத்து வச்சவன்டா நீ!" என்பான். அவன் சொல்வது கடலையும் அல்ல, காற்றையும் அல்ல. பாட்டிலை!

அவன் மனசுக்குள் ஓடுகிற படம் எனக்குத் தெரியும். மஞ்சள் சுவர், காகிதப்பூக் கொடி, பிரம்பு நாற்காலி, மேஜையில் லேப்டாப், பக்கத்தில் நுரை தள்ளும் காப்பி, எதிரே ஒரு பிரெஞ்சுக்காரி. இந்தப் படத்தில் காகிதப்பூவைத் தவிர வேறு எதற்கும் எனக்கும் சம்பந்தம் கிடையாது.

நிஜம் என்னவென்றால், முதலியார்பேட்டையில் எங்கள் வீட்டுப் பின்கட்டு. அம்மாவின் தையல் மெஷினுக்கும் அரிசி மூட்டைக்கும் நடுவில் ஒரு மேஜை. ஜன்னல் சாத்தியிருக்கும். ஃபேன் சத்தம் போடுவதால் ஃபேனும் கிடையாது. மே மாதத்தில் பனியனோடு உட்கார்ந்து, காதில் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு, "திஸ் இஸ் ஸாம், காலிங் ஃப்ரம் டாக்டர்ஸ் ஆஃபீஸ்" என்று அமெரிக்க இன்ஷூரன்ஸ்காரனிடம் குழைந்துகொண்டிருப்பேன். அப்பா வைத்த பெயர் சம்பந்தம். ராத்திரியில் மட்டும் ஸாம்.

மெடிக்கல் பில்லிங் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். அமெரிக்காவில் ஒருத்தர் கால் உடைந்து டாக்டரிடம் போவார். டாக்டர் பில்லை இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு அனுப்புவார். அவர்கள் ஏதாவது ஒரு குறை கண்டுபிடித்துத் திருப்பி விடுவார்கள். 'ஏன் சார் திருப்பினீர்கள்?' என்று கேட்கிற ஆள்தான் நான். கேட்பதற்கு முன் நாற்பது நிமிஷம் லைனில் காத்திருக்க வேண்டும். அந்த நாற்பது நிமிஷமும் காதுக்குள் பியானோ வாசிப்பார்கள். ஆறு வருஷத்தில் நான் கேட்ட பியானோவுக்கு, பிரெஞ்சு சங்கீதப் பள்ளியில் எனக்குப் பட்டமே கொடுக்கலாம்.

காப்பிக் கடை விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் வேலையில் அது கனவில்கூட நடக்காது. நோயாளியின் விவரத்தை வெளியாள் பார்க்கக்கூடாது என்று அமெரிக்காவில் 1996-ல் 'ஹிப்பா' என்று ஒரு சட்டம் போட்டுவிட்டார்கள். அதனால் எங்கள் ஆபீஸில் கட்டளை: தனி அறை, சாத்திய கதவு, மேஜையில் பேனா, பேப்பர்கூடக் கூடாது. அறைக்குள் அம்மா காப்பி கொண்டு வந்தால் அதுவே விதிமீறல்! (அம்மாவுக்கு இது புரியவே இல்லை. "நான் அந்த வெள்ளைக்காரன் காலைப் பார்த்து என்னடா பண்ணப் போறேன்?")

ஆக, வீட்டிலிருந்து வேலை பார்ப்பவர்களில் இரண்டு ஜாதி. எங்கே வேண்டுமானாலும் உட்காரலாம் என்கிற ஜாதி ஒன்று. வீட்டுக்குள்ளேயே ஜெயில் என்கிற ஜாதி இன்னொன்று. வெள்ளையர் பகுதியின் ரோமன் ரோலான் வீதியிலும் துய்மா வீதியிலும் லேப்டாப்போடு நீங்கள் பார்க்கிற பெங்களூர்ப் பையன்கள் முதல் ஜாதி. நான் இரண்டாவது. வேலை தேடும்போது முதலில் கேட்க வேண்டிய கேள்வி, 'வீட்டிலிருந்தா?' என்பதல்ல. 'வீட்டில் எப்படி?' என்பதுதான். நான் கேட்கவில்லை.

எப்படிக் கேட்பது? 2020 மார்ச்சில் ஊரடங்கு அறிவித்தபோது, சென்னை ஆபீஸில் கம்ப்யூட்டரைக் கையில் கொடுத்து, "ஊருக்குப் போங்க, ரெண்டு வாரத்துல கூப்பிடறோம்" என்றார்கள். மடியில் மானிட்டரை வைத்துக்கொண்டு கிழக்குக் கடற்கரைச் சாலையில் வந்து இறங்கினேன். இரண்டு வாரம், நாலே முக்கால் வருஷமாகிவிட்டது.

அந்த வருஷங்களை நான் குறை சொல்ல மாட்டேன். மூன்று வேளையும் அம்மா சமையல். வாடகை இல்லை. அப்பாவுக்கு சர்க்கரை ஏறினால் ஜிப்மர் வரிசையில் நானே போய் நிற்கலாம். ஆனால் பகல் முழுக்கத் தூங்கி, சாயங்காலம் ஆறரைக்கு லாகின் செய்து, விடிகாலை மூன்றரைக்கு முடிப்பவனுக்கு ஊர் என்று ஒன்று இருக்கிறதா? (அது குளிர்காலக் கணக்கு. மார்ச் மாதம் அமெரிக்காக்காரன் கடிகாரத்தை ஒரு மணி நேரம் தள்ளி வைப்பான். அதற்காக முதலியார்பேட்டையில் எங்கள் வீட்டு இட்லிக் குண்டான் நேரமும் மாறும்.) பகலில் கல்யாணம், காதுகுத்து எதற்கும் போக முடியவில்லை. "உங்க பையன் இன்னும் வேலைக்குப் போகலியா?" என்று தெருவில் அம்மாவைத் துக்கம் விசாரித்தவர்கள் உண்டு.

எதிர்வீட்டு மிசியே மட்டும் நேராக என்னிடமே கேட்டார். மிசியே என்றால் நம்மாள்தான். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்ற 'சொல்தா'. "ஏன் தம்பி, பகல் பூரா தூக்கம், ராத்திரி பூரா இங்கிலீஷ் பேச்சு... ஸ்பையா நீ?"

"இல்லீங்க மிசியே, கம்பெனி வேலை. கம்பெனி சென்னையில இருக்கு, கஸ்டமர் அமெரிக்காவுல, நான் இங்க."

கொஞ்சம் யோசித்தார். "எனக்குப் பென்ஷன் வர்ற மாதிரி. ஆபீஸு அங்க, ஆளு இங்க. ஆனா தம்பி, எனக்கு வேலை கிடையாது, பணம் மட்டும் வரும். உனக்கு எப்படி?"

பாண்டிச்சேரிக்காரனை இந்த விஷயத்தில் ஜெயிக்க முடியாது சார்.

2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் எங்கள் தலைமேலேயே கரை கடந்தது. ஒரே நாளில் நாற்பது சென்டிமீட்டருக்கு மேல் மழை. எங்கள் தெருவில் முட்டிக்கால் தண்ணீர். சனி, ஞாயிறு அமெரிக்காவுக்கு லீவு என்பதால் தப்பித்தேன். திங்கட்கிழமை சாயங்காலம் ஆறரை மணி. கரண்ட் இல்லை. வைஃபை பெட்டிக்கு ஆயிரத்து ஐந்நூறு ரூபாயில் வாங்கி வைத்த சின்ன யு.பி.எஸ். எப்போதோ உயிரை விட்டிருந்தது. ஃபோன் டவரும் படுத்துவிட்டது. மாடியில், கொட்டகைக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு ஒரு கோடு சிக்னலுக்காகக் கையைத் தூக்கி நின்றேன். மேனேஜருக்கு ஒரு மெசேஜ் போனது. 'பவர் இல்லை சார்.' பதில் வந்தது: 'பாண்டி எஞ்சாய்மென்ட்டா?'

சென்னையில் ஆபீஸுக்குப் போயிருந்தால், ஜெனரேட்டர் அவர்கள் கவலை. வீட்டிலிருந்து வேலை என்றால் ஜெனரேட்டர், நாற்காலி, கரண்ட் பில், காற்று, மழை எல்லாம் நம் கவலை. மூன்று நாள் லீவில் கழித்தார்கள்.

ஜனவரியில் இன்னொரு மெயில் வந்தது. ராத்திரி இரண்டு பத்துக்கு, பியானோ நடுவில். 'அனைவரும் அடுத்த மாதம் முதல் தேதியிலிருந்து ஆபீஸுக்கு வரவும்.' காரணம் என்று ஒரு வரி: 'ஒன்றாக உழைத்து, ஒன்றாக வளர்வோம்.' எனக்குக் கீழே வேலை கற்றுக்கொண்ட பையன் 2023-லேயே ஒன்றாக வளர்ந்து, டீம் லீடர் ஆகியிருந்தான். அவன் ஆபீஸுக்குத் தினமும் போனவன். நான் கொடுத்த எண்ணிக்கை அதிகம். ஆனால் மேனேஜர் டீ குடிக்கப் போகும்போது பக்கத்தில் நடந்தது அவன்.

இதில் ஆச்சரியம் இல்லை என்பது பிற்பாடு தெரிந்தது. ஷாங்காய் நகரத்தில் சிடிரிப் என்கிற டிராவல் கம்பெனி, 2010 கடைசியில் ஆரம்பித்து ஒன்பது மாதம், கால் சென்டர் ஆட்களில் விரும்பிக் கேட்டவர்களைக் குலுக்கல் முறையில் பிரித்து, பாதிப் பேரை வாரம் நாலு நாள் வீட்டிலிருந்து வேலை பார்க்கச் சொன்னது. ஸ்டான்ஃபோர்டு பேராசிரியர் நிக்கலஸ் புளூம் கூட இருந்து கணக்குப் போட்டார். வீட்டு ஆட்கள் 13 சதவிகிதம் அதிகம் வேலை பார்த்தார்கள். வேலையை விட்டு ஓடியவர்கள் பாதியாகக் குறைந்தார்கள். முதலாளிக்கு மகா சந்தோஷம். ஆனால் அதே அளவு உழைத்தும் வீட்டு ஆட்களுக்குப் பதவி உயர்வு குறைவு! கடைசியில், 'இனி உங்கள் இஷ்டம்' என்றபோது, வீட்டிலிருந்தவர்களில் பாதிப் பேர், 'தனியாக இருக்க முடியவில்லை சாமி' என்று ஆபீஸுக்கே திரும்பிவிட்டார்கள்.

அன்றைக்கு மூன்றரைக்கு லாகவுட் செய்ததும் தூக்கம் வரவில்லை. அப்பாவின் பழைய டி.வி.எஸ். வண்டியை எடுத்துக்கொண்டு கடற்கரைக்குப் போனேன். கடற்கரைச் சாலையில் ராத்திரி வண்டி விடமாட்டார்கள். தெற்குக் கோடியில் நிறுத்திவிட்டு நடந்தேன்.

அங்கே முதலில் நிற்பவர் டூப்ளே. சிலையாக. பகலில் பார்த்தால் பந்தாவாக இருப்பார். விடிகாலை நாலு மணிக்குப் பார்த்தால் அவரும் நைட் ஷிஃப்ட் முடித்த ஆள் மாதிரிதான் தெரிகிறார். யோசித்துப் பார்த்தால், அவரும் நம் கேஸ்தானே? 1742-லிருந்து 1754 வரை இங்கே கவர்னர். மேலதிகாரிகள் பாரீஸில். ஒரு கடிதம் கப்பலில் போய்ச் சேர மாதக்கணக்கு ஆகும். பதில் வர இன்னொரு மாதக்கணக்கு. இவர் ஒரு நவாபை ஏற்றிவிட்டு எழுதினால், பதில் வருவதற்குள் அந்த நவாப் இருப்பாரோ மாட்டாரோ. மேனேஜர் தொல்லை இல்லாத வேலை என்று ஏங்குகிறோமே, அது அவருக்குத்தான் கிடைத்தது. முடிவு? 'இங்கே என்னதான் செய்கிறான் இந்த ஆள்?' என்று பாரீஸில் சந்தேகம் வலுத்து, 1754-ல் கோதேஹு என்பவர் கப்பலில் வந்து இறங்கினார். டூப்ளே மூட்டை கட்டினார். கம்பெனிக்காகச் சொந்தப் பணத்தைச் செலவழித்தேன், திருப்பிக் கொடுங்கள் என்று வழக்காடினார். கிடைக்கவில்லை. 1763-ல் ஏழையாகச் செத்துப் போனார்.

ஆயிரத்து ஐந்நூறு ரூபாய் யு.பி.எஸ். பில்லை ஆபீஸுக்கு அனுப்பிப் பதில் வராமல் இருந்தவன், அவரைக் கொஞ்சம் நட்போடு பார்த்தேன்.

பழைய கலங்கரை விளக்கம், காந்தி சிலை, எதிரே முதல் உலகப் போரில் செத்த பிரெஞ்சிந்திய சிப்பாய்களுக்காக 1938-ல் திறந்த நினைவுச் சின்னம். ஜூலை 14-க்கு மிசியே பதக்கம் குத்திக்கொண்டு இங்கேதான் வருவார். கடலில் வெளுப்பு தட்ட ஆரம்பித்தது. முதல் வாக்கிங்காரர்கள், முதல் நாய்கள். அரவிந்தர் ஆசிரமத்துப் பக்கம் திரும்பினேன். 1910-ல் இங்கே வந்தவர் அவர். சீடர்களின் கடிதங்களுக்கு ராத்திரி விடிய விடிய பதில் எழுதிக்கொண்டிருந்த காலம் உண்டு. பாண்டிச்சேரியின் நைட் ஷிஃப்டுக்குப் பெரிய பரம்பரை இருக்கிறது!

வாய்க்காலைத் தாண்டினால் ஊர் மாறிவிடும். அந்தப் பக்கம் வெள்ளை, இந்தப் பக்கம் தமிழ். வாசல் தெளிக்கிற சத்தம். ஈசுவரன் தர்மராஜா கோயில் தெருவில் பாரதியார் குடியிருந்த வீடு, இப்போது நினைவு இல்லம். அந்த நேரத்தில் பூட்டித்தான் இருந்தது. எதிர்த் திண்ணையில் உட்கார்ந்தேன்.

ஸ்கூலில் படித்ததுதான். ஆனால் வேலை போகப்போகிறது என்ற நிலையில் உட்கார்ந்து யோசித்தால் வேறு மாதிரி இருக்கிறது. 1908-ல் சென்னையில் கைது நடவடிக்கை வந்ததும் பாரதியார் இங்கே வந்தார். 'இந்தியா' பத்திரிகையும் கூடவே வந்தது. எழுதுவது இங்கே, அச்சடிப்பது இங்கே, படிக்கிறவர்கள் எல்லாம் எல்லைக்கு அந்தப் பக்கம். அவருடைய 'நெட்' தபால்தான். பிரிட்டிஷ்காரன் தபாலை நிறுத்தினான். 1910 மார்ச்சோடு பத்திரிகை நின்றது. கனெக்ஷனைப் பிடுங்கினால் வேலை போச்சு என்பதை இந்த ஊர் அன்றைக்கே பார்த்துவிட்டது.

அப்புறம் எட்டு வருஷத்துக்கு மேல் இங்கேயே. சென்னை 'சுதேசமித்திர'னுக்குக் கட்டுரை எழுதி அனுப்புவது. பணம் வந்தால் வரும். தெருமுனையில் போலீஸ் ஒற்றர்கள். (மிசியே என்னை ஸ்பையா என்றது ஞாபகம் வந்தது. இந்தத் தெருவில் நிஜ ஸ்பை சம்பளத்தோடு நின்றிருக்கிறான்.) வீட்டுக்காரர் விளக்கெண்ணெய்ச் செட்டியார் வாடகைக்கு என்று வருவாராம், பாட்டைக் கேட்டுவிட்டு, வாடகையைக் கேட்காமலே திரும்பிப் போவாராம். லாஸ்பேட்டையிலோ, ரெயின்போ நகரிலோ இன்றைக்கு அப்படி ஒரு ஓனர் இருந்தால் சொல்லுங்கள், நான் பாட்டுக் கற்றுக்கொள்கிறேன்.

ஆனால் பாருங்கள், 'கண்ணன் பாட்டு', 'குயில் பாட்டு', 'பாஞ்சாலி சபதம்' மூன்றும் இந்த ஊரில் பிறந்தவை. ஆபீஸ் இருந்திருந்தால் எழுதியிருப்பாரா? தெரியாது. ஆபீஸ் இல்லாததால் என்ன கஷ்டம் என்பதும் அவருக்குத் தெரியும். 1918 நவம்பரில், போதும் என்று எல்லையைத் தாண்டினார். தாண்டிய உடனே பிடித்துக் கடலூர் ஜெயிலில் போட்டார்கள். பிறகு 1920-ல் சென்னைக்குப் போய், அதே 'சுதேசமித்திர'னில் ஆபீஸுக்குப் போய் வேலை பார்த்தார். ஆக, அவரையும் கடைசியில் ஆபீஸ் கூப்பிட்டுக்கொண்டது!

வீட்டுக்குத் திரும்பும்போது ஆறு மணி. அப்பா திண்ணையில் உட்கார்ந்திருந்தார். ரோடியர் மில்லில் முப்பத்து மூன்று வருஷம் தறி ஓட்டியவர். ஏ.எஃப்.டி. என்று போர்டு இருந்தாலும் அவருக்கு அது ரோடியர்தான். 2020-ல் மில்லை அடியோடு மூடினார்கள். அதற்கு முன்பே அவர் ரிட்டயர்டு. ஆனாலும் மூடின அன்றைக்குச் சாப்பிடவில்லை.

மெயில் விஷயத்தைச் சொன்னேன். கேட்டுவிட்டு அவர் வேறு ஏதோ கேட்டார்.

"டேய், ராத்திரி வேலை மூணரைக்கு முடியணும்ல? நேத்து நாலரைக்கு உன் ரூம்ல வெளிச்சம் இருந்திச்சு. முந்தாநாள் அஞ்சு."

"பெண்டிங் இருந்திச்சுப்பா."

"உங்க கம்பெனிக்குச் சங்கு கிடையாதா?"

"இருக்கறது வீடுப்பா. வீட்டுல ஏது சங்கு?"

அப்பா ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "சவானா மில்லு வாசல்ல பன்னெண்டு பேரு செத்தது எதுக்குன்னு தெரியுமா?" என்றார்.

தெரியும். பாண்டிச்சேரியில் பிறந்தவனுக்குத் தெரியாமல் இருக்காது. 1936 ஜூலை 30. எட்டு மணி நேர வேலை கேட்டுப் போராடிய மில் தொழிலாளிகள் மேல் துப்பாக்கிச் சூடு. பன்னிரண்டு பேர் போனார்கள். வ. சுப்பையா பிரான்ஸ் வரைக்கும் போய் வாதாடினார். 1937-ல் பிரெஞ்சிந்தியாவில் எட்டு மணி நேர வேலைச் சட்டம் வந்தது. ஆசியாவிலேயே முதல் என்று எங்கள் ஊரில் பெருமையாகச் சொல்வார்கள். வருஷா வருஷம் மாலை போடுகிறார்கள். நான் அந்த வழியாகத்தான் தினமும் வண்டியில் போவேன். பதினொரு மணி நேர லாகினோடு.

"ஆபீஸுக்குப் போனா, வூட்டுக்குக் கௌம்புற நேரம்னு ஒண்ணு இருக்கும். அதாவது மிச்சம்" என்றார் அப்பா. "ஆனா நீ போயிட்டா எனக்கு ஊசி போட ஆள் இல்லை" என்று அவர் சொல்லவில்லை. அம்மா சொன்னாள்.

சரி, வேறு வேலை தேடுவோம் என்று இறங்கினேன். இங்கேதான் என் மானம் போன கதை. சொல்லித்தான் ஆக வேண்டும், நாலு பேர் தப்பிக்கட்டும்.

வாட்ஸ்அப்பில் ஒரு மெசேஜ். 'வீட்டிலிருந்தே தினம் மூவாயிரம்.' ஹோட்டல்களுக்கு ஐந்து நட்சத்திரம் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான் வேலை. பார்த்தே இராத ஊட்டி ஹோட்டலுக்கு 'அருமையான சாம்பார்' என்று எழுதினேன். நூற்றைம்பது ரூபாய் நிஜமாகவே அக்கவுன்ட்டில் விழுந்தது! மூன்று நாளில் நானூற்றைம்பது. பிறகு டெலிகிராமில் ஒரு குழுவில் சேர்த்தார்கள். அதில் எல்லோரும், 'எனக்கு இருபதாயிரம் வந்தது', 'எனக்கு நாற்பது' என்று கொண்டாடிக்கொண்டிருந்தார்கள். ஐயாயிரம் கட்டினால் ஏழாயிரம் என்றார்கள். தினமும் ராத்திரி இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காரனின் பொய்யைக் கண்டுபிடிக்கிற நான், கட்டினேன். அடுத்தது, 'பணத்தை எடுக்க இன்னும் பதினைந்தாயிரம் கட்டவும்.' அப்போதுதான் உறைத்தது. குழுவில் கொண்டாடிய அத்தனை பேரும் ஒரே ஆள்!

1930-க்கு ஃபோன் செய்து சொன்னேன். இந்த நம்பரை எழுதி வைத்துக்கொள்ளுங்கள் சார், பணம் போன உடனே கூப்பிட வேண்டும். நேரம் ஆக ஆக, பணம் அக்கவுன்ட் அக்கவுன்ட்டாகத் தாவிவிடும். நான் வெட்கப்பட்டு இரண்டு நாள் கழித்துக் கூப்பிட்டேன். போனது போனதுதான். இப்படிப் பகுதி நேர வேலை என்று ஏமாற்றிய நூற்றுக்கும் மேற்பட்ட வெப்சைட்டுகளை மத்திய அரசு 2023 டிசம்பரில் ஒரே நாளில் முடக்கியது. முளைக்கிற வேகம் அதைவிட அதிகம்.

என் ஃப்ரெண்ட் ஒருத்தன் வேறு மாதிரி மாட்டினான். இன்டர்வியூ, ஆர்டர் எல்லாம் ஜோராக வந்தது. 'லேப்டாப் அனுப்புகிறோம், எட்டாயிரம் டெபாசிட்.' லேப்டாப் இன்னும் வந்துகொண்டே இருக்கிறது. வேலை கொடுக்கிறவன் நம்மிடம் பணம் கேட்டால், அது வேலை இல்லை. கம்பெனி பெயரைக் கம்பெனி விவகார அமைச்சகத்தின் வெப்சைட்டில் தேடிப் பார்க்கலாம், இலவசம். மெயில் கம்பெனி முகவரியிலிருந்து வருகிறதா, சாதாரண ஜிமெயிலிலிருந்தா என்று பார்க்கலாம். இவ்வளவும் எனக்கு முன்பே தெரியும் என்பதுதான் சோகம்.

நிஜ வேலைகளும் இருந்தன. நௌக்ரியிலும் லிங்க்ட்இன்னிலும் 'ரிமோட்' என்று தட்டினால் கொட்டும். உள்ளே போய்ப் படித்தால், 'வாரம் மூன்று நாள் ஆபீஸ்' என்று பொடி எழுத்தில் இருக்கும். பெரிய கம்பெனிகளே அப்படித்தான் திரும்பின. 2020-ல் டி.சி.எஸ்., 2025-க்குள் எந்த நேரத்திலும் 25 சதவிகிதம் பேர் ஆபீஸில் இருந்தால் போதும் என்றது. 2023-ல் அதே கம்பெனி ஐந்து நாளும் வரச் சொல்லிவிட்டது. நேர் எதிராக, ஆபீஸையே ஊர்ப்பக்கம் கொண்டு போனவர்களும் உண்டு. தென்காசிப் பக்கம் மத்தளம்பாறையில் ஸோஹோ 2011-லிருந்து இருக்கிறது.

கடைசியில் எனக்கு வழி காட்டியது, பல்லைக் கடித்துக்கொண்டு 2022-ல் எழுதித் தேறிய ஒரு பரீட்சை. மெடிக்கல் கோடிங். நாலு மணி நேரத்தில் நூறு கேள்வி, எழுபது வாங்கினால் பாஸ். டாக்டர் எழுதினதைப் படித்து, ஒவ்வொரு நோய்க்கும் அடிக்கும் உரிய குறியீட்டைப் போடுகிற வேலை. அமெரிக்காவில் எல்லாவற்றுக்கும் குறியீடு உண்டு, வாத்து அடித்துவிட்டால்கூட! (விளையாட்டில்லை சார், டபிள்யூ 61.62.) இதில் யாரோடும் பேச வேண்டாம். பேச வேண்டாம் என்றால் ராத்திரி வேண்டாம். பகல் வேலை!

ஃபோனில் பேசுகிற வேலையை அமெரிக்க நேரம் கட்டிப்போடும். எழுதிக் கொடுக்கிற வேலையை அது கட்டிப்போடாது. தேடும்போது 'ரிமோட்டா' என்று பார்த்த நான், 'எந்த நேரத்து ரிமோட்' என்று பார்க்கத் தெரியாமல் ஐந்து வருஷத்தைத் தூங்கியே கழித்துவிட்டேன்.

ஆனால் ஒன்று. அனுபவம் இல்லாதவனை வீட்டிலிருந்து வேலை பார்க்க யாரும் விடுவதில்லை. எனக்கு வேலை கொடுத்தவர்களும், "மூணு மாசம் சென்னைக்கு வந்து கத்துக்குங்க, அப்புறம் வீடு" என்றார்கள். வேளச்சேரியில் ஓர் அறையில் நாலு கட்டில். வெள்ளி ராத்திரி பஸ், ஞாயிறு ராத்திரி பஸ். அந்த மூன்று மாதம் ஊசி போட எதிர்வீட்டு மிசியே வந்தார். ராணுவத்தில் கற்றுக்கொண்டதாம்.

ஒரு விஷயத்தை ஒப்புக்கொள்கிறேன். அந்த மூன்று மாதமும் நான் சந்தோஷமாக இருந்தேன். பக்கத்து சீட்டுக்காரனிடம், "இது எந்தக் கோடுடா?" என்று கேட்டால் அரை நிமிஷத்தில் சொல்வான். வீட்டில் இதற்கே அரை நாள் தேடியிருப்பேன். மத்தியானம் ஐந்து பேராக ஒரு டிஃபன் பாக்ஸைக் காலி செய்வோம். கிளம்புகிற அன்றைக்குத் தொண்டை அடைத்தது.

சம்பளம் முன்பு 38,000. இப்போது 31,000. ராத்திரி ஷிஃப்ட் படி போய்விட்டது. "ஏழாயிரம் கம்மியா?" என்று மாமா துள்ளினார். அவருக்குக் கணக்குப் போட்டுக் காட்டினேன். பழைய ஆபீஸின் உத்தரவுப்படி சென்னைக்கே போயிருந்தால் அறைக்கும் சாப்பாட்டுக்கும் பதினோராயிரம், பஸ்ஸுக்கும் சில்லறைச் செலவுக்கும் மூவாயிரம். மிச்சம் 24,000. இங்கே நெட்டுக்கும் கரண்டுக்கும் இரண்டாயிரம் போனாலும் 29,000. மாமா கேட்டார்: "அப்போ டீம் லீடர் எப்போ ஆவே?" அந்தக் கட்டத்துக்கு என்னிடம் நம்பர் இல்லை.

இப்போது காலை ஒன்பதரைக்கு ஆரம்பம். கல்யாணங்களுக்குப் போகிறேன், தெருவில் என்னை அடையாளம் கண்டுகொள்கிறார்கள். மேஜை அதே பின்கட்டில்தான். கதவு அதே மாதிரி சாத்தியிருக்கும். ஃபேன் மட்டும் ஓடுகிறது. வெளியே வரும்போது பகல் வெளிச்சம் இருக்கிறது.

முதல் வாரம் பழைய வழக்கப்படி ஏழு, எட்டு என்று இழுத்துக்கொண்டு போனது. அப்புறம் யூடியூபில் தேடி, ஒரு மில் சங்குச் சத்தத்தைப் பிடித்து, செல்ஃபோனில் சாயங்காலம் ஆறு மணிக்கு அலாரமாக வைத்தேன். முதல் நாள் அது ஊதியபோது தெருவே திரும்பிப் பார்த்தது. எதிர்வீட்டில் மிசியே எழுந்து நின்றுவிட்டார். அம்மா கையிலிருந்த கரண்டியைக் கீழே போட்டாள்.

திண்ணையில் கண்ணை மூடிச் சாய்ந்திருந்த அப்பா மட்டும் அசையவே இல்லை. கண்ணைத் திறக்காமலே கையை நீட்டி, சுவரோரம் எதையோ துழாவினார். அங்கே எதுவும் இல்லை. ரிட்டயர் ஆகிற வரைக்கும் அவருடைய டிஃபன் கேரியர் இருந்த இடம் அது.

"ரெண்டு நிமிஷம் லேட்டா ஊதறான்" என்றார்.